பேய் ஏன் பக்கத்து மொழி பேசுகிறது?

‘ஆப்தமித்ரா’ என்ற கன்னடப் படத்தை எத்தனை முறை பார்த்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள், வீட்டில் சண்டை வரும். முதல் முறை 2004இல், பெங்களூரு கெம்பேகவுடா ரோட்டுத் தியேட்டர் ஒன்றில். ஸ்ரீராமபுரத்தில் பஸ் ஏறி, பாட்டியோடு போனேன். திரையில் சௌந்தர்யா வந்ததும் விசில் இல்லை, அரங்கு முழுக்க ஒரு ‘உச்’. அந்த ஏப்ரல் 17ஆம் தேதிதான் ஜக்கூரிலிருந்து கிளம்பிய சிறு விமானம் விழுந்து அவர் இறந்திருந்தார். படம் வந்தது ஆகஸ்டில். போய்ச் சேர்ந்தவர் எதிரே நின்று சிரிக்கிறார்! படத்தின் பேய் நாகவல்லி வருவதற்கு முன்பே எனக்குக் கை சில்லிட்டுவிட்டது.

அப்புறம் அந்தக் கட்டில் காட்சி. அடடா! வெளியே போகக்கூடாது என்று தடுக்கிறான் கணவன். அதுவரை அதிர்ந்து பேசாத சௌந்தர்யாவின் கங்காவுக்குக் கண் உருள்கிறது, குரல் தடிக்கிறது, கையில் கட்டில் பஞ்சாய் எழும்புகிறது. கன்னடக் குடும்பத்து மருமகள் நாகவல்லியாகித் தெலுங்கில் சீறுகிறாள். கோலார் மாவட்டத்தில் பிறந்து தெலுங்குத் திரையில் கொடிகட்டிப் பறந்த சௌந்தர்யாவைத் தவிர வேறு யார் இதைச் செய்திருக்க முடியும்?

மூலப்படம் மலையாளம், ஃபாசில் இயக்கி மது முட்டம் எழுதிய 1993இன் ‘மணிச்சித்ரதாழு’. அதில் ஷோபனாவின் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, தமிழில் சீறுவாள். பி. வாசு கன்னடத்தில் எடுத்தபோது அவள் தெலுங்குக்காரி. 2005இல் ‘சந்திரமுகி’யாகத் தமிழுக்கு வந்தபோதும் தெலுங்கு. இந்தியில் வங்காளம். பேய்க்கு எங்கே போனாலும் பக்கத்து வீட்டு மொழிதான்! இது தற்செயலா?

பதில் ஒரு பழைய புத்தகத்தில் கிடைத்தது. 1895இல் பிராய்டும் ப்ராயரும் வெளியிட்ட அதில் அன்னா ஓ. என்றொரு வியன்னாப் பெண் வருகிறாள். நோய் முற்றியபோது தாய்மொழியான ஜெர்மன் அவளுக்கு மறந்தே போனது. ஆங்கிலம் மட்டும்தான் வாயில் வந்தது. மனதை அமுக்கியிருந்ததைப் பேசிப் பேசி இறக்கிவைத்தாள், அந்த வைத்தியத்துக்குப் ‘பேச்சு வைத்தியம்’ என்று பெயர் வைத்தவளும் அவளே. இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. கங்காவேதான்!

வீட்டுமொழி கட்டுப்பாடுகளின் மொழி. “அப்படிப் பேசாதே, இப்படி உட்காரு” எல்லாம் அதில்தான் காதில் விழுந்திருக்கும். அமுக்கி வைத்தது வெளியே வர, காவல் இல்லாத வேறொரு வாசல் வேண்டாமா? சமூகம் எதை அமுக்குகிறதோ அதுவே திகில் படத்தில் அரக்கனாகத் திரும்பி வருகிறது என்று விமர்சகர் ராபின் வுட் 1970களில் எழுதினார். அவர் சொன்னது அமெரிக்கப் படங்களைப் பற்றி. நம்மூர்ப் படத்தில் அது திரும்பும்போது கையோடு இன்னொரு மொழியையும் கொண்டுவருகிறது.

தூக்கத்தில் நெஞ்சில் ஏறி உட்காரும் பேயை நாம் ‘அமுக்குவான்’ என்கிறோமே, அந்தப் பெயரில் எவ்வளவு விஷயம்! உடுக்கை அடிப்பவரும் பேயை உடனே விரட்டுவதில்லை. “யார் நீ? உனக்கு என்ன வேணும்?” என்றுதான் முதலில் கேட்கிறார். விஷ்ணுவர்தனின் டாக்டர் விஜய்யும் அதைத்தான் செய்கிறார். நாகவல்லி கேட்ட பழியை, கேட்டபடியே தீர்த்துக்கொள்ள விடுகிறார். ஒரே ராத்திரியில் குணம் என்று நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கு அந்தக் காட்சி வேண்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாட்டி சொன்னது இதுதான்: “போயிட்டு வரட்டும்னு அந்தப் பொண்ண விட்டிருந்தா இவ்வளவு தேவையா?”

போன வாரம் அம்மாவோடு மறுபடி பார்த்தேன். நடுவில் வீட்டு ஓனரின் போன். அம்மா பத்து நிமிடம் தேன் ஒழுகும் கன்னடத்தில், “ஆய்த்து சார், பரவாகில்ல சார்.” வைத்ததும் தமிழில் ஆரம்பித்தாரே பார்க்கணும்! நான் மெல்ல எழுந்து கட்டிலைவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.