மூழ்கிப் போச்சு!

பழைய பேப்பரை எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை பண்ணுங்கள். எப்படியும் ஒரு நகைக்கடன் விளம்பரம் கண்ணில் படும். பளபள கலர், அரைப் பக்கம். அதைத் தனியாக எடுத்து வையுங்கள். அப்படியே உள்ளே புரட்டிக்கொண்டு போனால், டெண்டர் அறிவிப்புக்கும் பெயர் மாற்ற விளம்பரத்துக்கும் நடுவில், கறுப்பு வெள்ளையில் இன்னொன்று கிடைக்கலாம். நகை ஏல அறிவிப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை ரிலீஸாகிற குப்பைப் படத்துக்கெல்லாம் விமர்சனம் எழுதுகிறோம். தினமும் நம் வீட்டுக்குள்ளேயே ஓடுகிற 30 விநாடிப் படத்துக்கு யார் எழுதுவது?

கதை உங்களுக்குத் தெரியும். கணவன் முகம் வாடியிருக்கும். மனைவி வளையலைக் கழற்றிக் கொடுப்பாள். அடுத்த காட்சியில் ரிப்பன் வெட்டிக் கடை திறப்பார்கள், இல்லாவிட்டால் பையனுக்குக் காலேஜ் சீட் கிடைத்திருக்கும். பெரிய ஹீரோ ஒருத்தர் வந்து, ‘நாங்க இருக்கோம்’ என்கிற மாதிரி சிரிப்பார். முடிந்தது. இதில் ‘அடகு’ என்ற வார்த்தை அநேகமாக வராது, கவனித்திருக்கிறீர்களா? ‘தங்க நகைக்கடன்’தான். அடகு என்றால் புடவைத் தலைப்பில் மறைத்து எடுத்துக்கொண்டு, தெரிந்தவர்கள் யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போகிற சமாச்சாரம். கடன் என்றால் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற கௌரவம். அந்த வெட்கத்தைப் போக்கியதற்காக விளம்பரக்காரர்களுக்கு ஒரு சபாஷ் போடலாம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு நகையை வைப்பதில் என்ன கேவலம்? கந்துவட்டிக்கு இது ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால், ‘அடகு’ போனதோடு அதன் ஜோடி வார்த்தையும் சேர்ந்து போய்விட்டது. ‘மூழ்கிப் போச்சு.’

நம் பாட்டிகள் அப்படித்தான் சொல்வார்கள். திருடு போச்சு, தொலைஞ்சு போச்சு என்றெல்லாம் சொல்ல மாட்டார்கள். வைத்த அன்றைக்கு நகை போய்விடுவதில்லை. ஏலம் போடுகிற அன்றைக்கும் போவதில்லை. நடுவில் உள்ள மாதங்களில், வட்டி ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்குகிறது. இந்த நடுப்பகுதிதான் முழுக் கதையுமே. அந்த 30 விநாடியில் கத்தரி விழுந்திருப்பதும் சரியாக அந்த இடத்தில்தான்.

ஏல அறிவிப்பைப் பாருங்கள். கிளையின் பெயர், அதற்குக் கீழே சாரை சாரையாகக் கடன் எண்கள். படிக்க பூதக்கண்ணாடி வேண்டும். இரண்டு பத்திரிகைகளில் விளம்பரம் தர வேண்டும், அதில் ஒன்று உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. விதி நிறைவேறிவிட்டது, சந்தேகமில்லை. ஆனால், அடகு வைத்த யாராவது இந்த எறும்பு வரிசையில் தன் நம்பரைத் தேடிக் கண்டுபிடித்து ஓடிப்போய் நகையைத் திருப்பியதாக நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? கடன் கொடுக்க அரைப் பக்கம், நகையை எடுக்க ஒரு வரி!

சரி, கணக்குக்கு வருவோம். காமர்ஸ் படித்தவனுக்கு வேறு என்ன தெரியும்?

மூன்று பவுன் வைக்கிறீர்கள். 24 கிராம். கணக்கு சுலபமாக இருக்கட்டும், கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (வாங்கும்போது நீங்கள் அழுத செய்கூலி, சேதாரமெல்லாம் இங்கே செல்லாது. கல், அரக்கு எடையும் கழிந்துபோகும்.) மதிப்பு 2,40,000. அதில் 75 சதவிகிதம் கடன் என்றால் 1,80,000. விளம்பரத்தில் வட்டி பைசாவில் ஆரம்பிக்கும், பக்கத்தில் ஒரு குட்டி நட்சத்திரக் குறி இருக்கும். பல இடங்களில், மாசாமாசம் தவறாமல் கட்டுகிறவருக்குத்தான் அந்தப் பைசா. விட்டுவிட்டால் வட்டி அடுத்த படிக்கு ஏறும். நாம் ரெண்டு ரூபாய் வட்டி என்றே போடுவோம். வருஷத்துக்கு 24 சதவிகிதம். ஒரு வருஷம் ஒன்றுமே கட்டவில்லை. வட்டி 43,200. ஆக மொத்தம் 2,23,200.

நகை மதிப்புக்கும் கடனுக்கும் நடுவே மிச்சம் 16,800 ரூபாய்! தங்கம் 10 சதவிகிதம் இறங்கினால் நகையின் மதிப்பு 2,16,000. கடன் அதைத் தாண்டி நிற்கும்.

‘‘தங்கமாவது, இறங்கறதாவது?’’ என்பீர்கள். 2013 ஏப்ரலில் ஒரு சில நாட்களிலேயே சடசடவென்று சரிந்தது. 2020 ஆகஸ்ட்டில் உச்சிக்குப் போனது, 2021 மார்ச்சில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இறங்கியிருந்தது. உச்சத்தில் கொண்டுபோய் வைத்தவர்களுக்குத்தான் அடி.

விலை ஏறினால் தப்பித்தோமா? அங்கேதான் பெரிய பள்ளமே இருக்கிறது. ‘‘ரேட் ஏறியிருக்கும்மா, மாத்தி வெச்சுடலாம். கையிலேர்ந்து பத்துப் பைசா கட்ட வேண்டாம்.’’ காதில் தேன் பாயும். பழைய அசலும் வட்டியும் சேர்ந்து புது அசலாகிவிடும். 2,23,200-க்கு இன்னொரு வருஷம், அதே வட்டி. இரண்டாவது வருஷக் கடைசியில் 2,76,768. நகை அதே மூன்று பவுன். உங்கள் கைக்கு வந்தது அதே 1,80,000. விலை ஏறுகிற வரைக்கும் இது யாருக்கும் உறைக்காது. ஏற்றம் நிற்கிற அன்றைக்குத்தான் தெரியும்.

2025 ஜூனில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த புது விதிகள் இந்தப் பள்ளத்தில்தான் கை வைத்திருக்கின்றன. 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லோரும் அமல்படுத்த வேண்டும் என்று கெடு. அசலையும் வட்டியையும் கடைசியில் மொத்தமாகக் கட்டுகிற கடன் 12 மாதத்தைத் தாண்டக் கூடாது. சேர்ந்த வட்டியைக் கட்டினால்தான் அதை மாற்றி வைக்கலாம். இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 85 சதவிகிதம் வரை தரலாம். ஆனால், கடைசியில் கட்டுகிற கடன் என்றால் வருஷத்து வட்டியும் அந்த 85-க்குள் அடங்க வேண்டும். நம் மூன்று பவுனுக்கு இந்தக் கணக்கில் கையில் கிடைப்பது சுமார் 1,64,500 ரூபாய்தான். ‘முன்னாடி அதிகமா குடுத்தாங்களே’ என்று கோபம் வரும். வரட்டும். குறைத்துக் கொடுக்கிற அந்தப் பணம்தான் உங்கள் நகை மிதப்பதற்கான இடம். அதே சமயம், வட்டிக்கான பணமே கையில் இல்லாதவர் அதற்காகக் கந்துவட்டிக்காரர் வாசலில் போய் நிற்பாரே... அந்தச் சிக்கலுக்கு இந்த விதிகளில் மருந்து இல்லை.

எனக்கு இன்னொரு சந்தேகம். விற்பதை ஏன் நாம் இவ்வளவு பெரிய அவமானமாக நினைக்கிறோம்? ஆறு மாதத்தில் பணம் எங்கிருந்தாவது வரும் என்று தெரிந்தால் தாராளமாக அடகு வையுங்கள். எங்கிருந்து வரும் என்றே தெரியாதபோது மூன்று வளையலையும் வைத்து மூன்றையும் மூழ்கவிடுவதைவிட, ஒன்றை விற்று இரண்டை வீட்டிலேயே வைத்துக்கொள்வது மேல். கோவலன்கூட சிலம்பை விற்கத்தான் மதுரைக்குப் போனான். (அவன் முடிவு வேறு விஷயம்!) ஆனால் ‘வித்துட்டாங்களாம்’ என்று சொந்தக்காரர்கள் பேசுவார்களே என்று பயந்து, ‘பேங்க்ல இருக்கு’ என்று சொல்லிக்கொண்டே வருஷக்கணக்கில் வட்டி கட்டுகிற குடும்பங்கள் எத்தனை! மகள் கல்யாணத்துக்கு என்று சேர்த்த நகை, கல்யாணத்தன்றைக்கும் பேங்க்லதான் இருக்கும்.

நகை ஏலத்துக்குப் போய்விட்டால் முக்கால்வாசிப் பேர் அதோடு அந்தக் கடையையே தலைமுழுகிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஏலத்தை அடிமாட்டு விலையில் ஆரம்பிக்க முடியாது. நகையின் அன்றைய மதிப்பில் 90 சதவிகிதத்துக்குக் குறையாமல் அடிப்படை விலை வைக்க வேண்டும், இரண்டு ஏலம் தோற்றால் மட்டும் 85 என்கிறது புது விதி. வந்த பணத்தில் கடனும் வட்டியும் செலவும் போக மிஞ்சுவது உங்கள் காசு. பணம் கைக்கு வந்த 7 வேலை நாட்களுக்குள் அதை உங்களிடம் கொடுக்க வேண்டும். எவ்வளவுக்குப் போனது, எதெதற்கு எவ்வளவு கழித்தார்கள் என்ற முழு விவரமும் தர வேண்டும். குறைந்தால் உங்களுக்கு உடனே போன் வரும். மிஞ்சினால் வருமா என்று காத்திருக்காமல், ரசீதை எடுத்துக்கொண்டு ஒருநடை நேரில் போய், கணக்கை எழுத்தில் கேளுங்கள். வீடு மாறியிருந்தால், போன் நம்பர் மாறியிருந்தால், அதை இன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். அவர்கள் அனுப்புகிற ஏல நோட்டீஸ் பழைய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடும்.