கலையும் பயனும்

கலை கலைக்காகவா, வாழ்க்கைக்காகவா என்னும் பழைய வழக்கு, ஆஸ்திரியாவின் எஃகு நகரமான லின்சில் புதுவடிவம் பெற்றது. அங்கு 1979இல் தொடங்கப்பெற்ற ‘ஆர்ஸ் எலக்ட்ரோனிக்கா’ விழா கலை, தொழில்நுட்பம், சமுதாயம் ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்து ஆராய்கிறது. 1987 முதல் அது வழங்கிவரும் பரிசுகளுள் தலையாயது ‘கோல்டன் நிக்கா’. 1999இல் லினக்ஸ் என்னும் கணினி இயக்கமுறைமைக்கும், 2004இல் விக்கிப்பீடியாவுக்கும் அப்பரிசு கிட்டியது.

இவ்விரண்டும் பலர் கூடி ஆக்கியவை. எவரும் எடுத்தாளவும் திருத்தவும் திறந்திருப்பவை. படைப்பாளன் தனியொருவனாகவே இருத்தல் வேண்டுமோ என்னும் வினாவை இத்தேர்வு எழுப்பியது. நாட்டுப்புறப் பாடலை அறிந்தோர்க்கு அவ்வினா புதிதன்று. ஆயின், தாலாட்டில் பயனோடு சுவையும் உண்டு. இயக்கமுறைமையில் பயன் மட்டுமே மேலோங்குகிறது. பயனுடைய யாவும் கலையெனில் கலை என்னும் சொல்லே பொருளிழக்கும். வினா எழுப்பிய விழா பாராட்டுக்குரியது. அதன் தீர்ப்போ மறு ஆய்வுக்குரியது.