பீங்கான் நாட்டு இளவரசிக்கு யார் சொந்தம்?

லண்டனில் வாழ்ந்த கிரேக்க வணிகர் மைக்கேல் ஸ்பார்ட்டாலி, தன் மகள் கிறிஸ்டினாவை மாதிரியாக வைத்து வரையப்பட்ட எண்ணெய் ஓவியத்தை வாங்க மறுத்துவிட்டார். ஒரு வகையில் அவர் செய்தது நியாயம்தான். ஏறத்தாழ 2 மீட்டர் உயரமுள்ள அந்தப் படத்தில் கிமோனோவும் விசிறியும் மடிப்புத் திரையும் நீலவெள்ளை விரிப்பும்தான் முதலில் கண்ணில் படுகின்றன. பெண்ணின் முகம் அதற்கு அப்புறம்தான். ஓவியர் ஜேம்ஸ் விஸ்லர் வைத்த பெயரிலும் கிறிஸ்டினா இல்லை: ‘பீங்கான் நாட்டு இளவரசி’. 1865இல் அது பாரிஸ் சலோன் கண்காட்சியில் இடம்பெற்றது.

ஜப்பானின் துறைமுகங்கள் 1850களில் மேற்கத்திய வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டபின் அங்கிருந்து வந்த மரச்செதுக்கு அச்சுப்படங்கள் ஐரோப்பிய ஓவியர்களை மயக்கின. அந்த மயக்கத்தில் பிறந்த எல்லா உருவப்படங்களும் இப்படி அநாதையாகவில்லை. மானே 1868இல் வரைந்த எமில் ஸோலாவின் படத்தில், சுவரில் ஒரு ஜப்பானிய மல்வீரன் இருக்கிறான். தன்னை ஆதரித்து எழுதியவருக்கு மானே தந்த நன்றிக்கடன் அது. ஸோலா சாகும்வரை வைத்திருந்தார். வான்கோ 1887இல் வரைந்த தாங்கி என்ற வண்ணக் கடைக்காரரின் படத்தில் பின்புறம் முழுக்க ஜப்பானிய அச்சுகள். அதுவும் தாங்கி இறக்கும்வரை அவரிடமே இருந்தது. பின்னர் சிற்பி ரோதேனின் கைக்குப் போய், இன்று பாரிஸில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நண்பனை வரைந்தால் படம் நண்பனிடம் தங்குகிறது. பொருள்களில் ஒன்றாகப் பெண்ணை நிறுத்தினால், பொருள் சேர்ப்பவர்களைத்தான் அது தேடிப் போகிறது.

இளவரசியும் அப்படித்தான் கப்பல் முதலாளி ஃப்ரெடரிக் லேலண்டிடம் போய்ச் சேர்ந்தாள். தன் சீனப் பீங்கான்களை அடுக்க லண்டன் வீட்டின் உணவறையில் அவர் தட்டுகள் அமைத்தார். அடுப்பு மாடத்துக்கு மேலே இந்தப் படம். சுவரின் தோல் உறை படத்தோடு ஒட்டவில்லை என்று சிறு திருத்தத்துக்கு வந்த விஸ்லர், 1876-77இல் அறை முழுவதையும் நீலப்பச்சையும் தங்கமுமாக மாற்றி மயில்களால் நிரப்பிவிட்டார். முதலாளி ஊரில் இல்லாதபோது இதெல்லாம் நடந்தது! கேட்ட கூலி 2,000 கினி. கிடைத்ததோ 1,000 பவுன். அதுவும் 21 ஷில்லிங் கொண்ட கினியாக இல்லாமல் 20 ஷில்லிங் பவுனாகத் தந்ததில் ஓவியருக்குக் கூடுதல் அவமானம்: கினி கலைஞருக்கு, பவுன் கைவேலைக்காரருக்கு என்பது அன்றைய வழக்கம். எதிர்ச்சுவரில் காசுக்குச் சண்டையிடும் இரண்டு மயில்களை வரைந்து விஸ்லர் பழிதீர்த்தார். லேலண்ட் அதை அழிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1892இல் லேலண்ட் இறந்ததும் படம் ஏலத்துக்குப் போனது. அறை வீட்டோடு நின்றது. கிளாஸ்கோ வணிகர் கைகளைக் கடந்து, 1903இல் படத்தை அமெரிக்கர் சார்லஸ் லாங் ஃப்ரீயர் வாங்கினார். ரயில் பெட்டித் தொழிலில் பணம் சேர்த்தவர். அடுத்த ஆண்டே அறையையும் கழற்றி டெட்ராய்ட்டுக்குக் கொண்டுபோனார். மறுபடி இளவரசிக்கு அதே அடுப்பு மாடம். ஆனால் தட்டுகளில் லேலண்டின் நீலவெள்ளைக்குப் பதிலாக, ஆசிய நாடுகளில் ஃப்ரீயர் தேடிச் சேர்த்த மண்கலங்கள் ஏறின. படத்தைச் சுற்றிய ரசனையையே அவர் மாற்றிவிட்டார். என் பார்வையில், அதை உண்மையில் சொந்தமாக்கிக்கொண்ட ஒரே ஆள் அவர்தான்.

தன் தொகுப்பை அவர் அமெரிக்க அரசுக்கு எழுதிவைத்தார், வேறெங்கும் காட்சிக்கு இரவல் தரக்கூடாது என்ற நிபந்தனையோடு. 1923இல் வாஷிங்டனில் திறந்த ஃப்ரீயர் கலைக்கூடத்தில் படமும் மயில் அறையும் சேர்ந்தே இடம்பெற்றன.