எண்கும் ஆற்றினது ஏதமும்

இரவுக்குறிக்கண் வரும் தலைவனது வழியின் கொடுமையைத் தோழியும் தலைவியும் கூறுமிடத்துப் புலி, களிறு, பாம்பு முதலியவற்றோடு எண்கும் எண்ணப்படுதலைத் தமிழறிஞர் நன்கறிவர். இவையெல்லாம் அச்சத்தை மிகுத்தற்கு அடுக்கப்பட்டவை எனக் கொண்டு, கரடியைப் புலியோடு ஒருநிகராக வைத்துப் பொருளுரைத்துச் செல்லுதல் எளிது. ஆயின், பாடல்களை ஒருசேர வைத்து நோக்குவார்க்கு அஃது அமைவுடைத்தன்று என்பது புலனாகும்.

அகநானூற்றின் 8, 72, 112 ஆம் பாடல்களையும் நற்றிணையின் 125, 325 ஆம் பாடல்களையும் ஈண்டு எடுத்துக்கொள்வோம். இவற்றுள் நற்றிணை 325 செலவழுங்குவித்தல் நுதலிய பாலை. ஏனைய நான்கும் குறிஞ்சி. இவ்வைந்தனுள் ஒன்றிலேனும் எண்கு மக்களைத் தாக்குவதாகக் கூறப்படவில்லை. யாண்டும் அதன் தொழில் ஒன்றே. இரவில் சிதல் எடுத்த புற்றினை அகழ்ந்து இரை தேடுதலே அது. அகம் 72, 112 ஆகியவற்றில் புலியும் வருகின்றது. அது தன் பிணவின் பசி தீர்க்கக் களிற்றைக் கொல்கின்றது. அப்பாடல்களிலேயே எண்கு குரும்பி தேடி மண்ணைப் பெயர்க்கின்றது. மின்மினி சிதறப் புற்றினை அகழும் அதனை 72 ஆம் பாடல் இரும்பு வேலை செய்யும் கொல்லனுக்கு உவமிக்கின்றது. கொல்லும் விலங்கும் தொழில்புரியும் விலங்கும் வேறுவேறு என்பதைப் புலவர் தெளிந்தே பாடினர் என்க.

அங்ஙனமாயின் எண்கினை அஞ்சுவது எற்றுக்கு? விடை நற்றிணை 125 இல் உள்ளது. புற்றினை அகழும் ஏற்றையின் மூச்சு அப்பாடலில் கொல்லன் உலைத்துருத்தியின் ஒலியோடு ஒப்பிடப்படுகின்றது. இது வெற்றணி அன்று. நம் நாட்டுக் கரடிக்கு மேல்வரிசையின் நடுப்பற்கள் இரண்டு இல்லை. அது புழுதியை ஊதி அகற்றி, அவ்விடைவெளி வழியே சிதலை உறிஞ்சுகின்றது. அவ்வொலி நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். தலையைப் புற்றினுள் நுழைத்து இங்ஙனம் ஒலிக்கும் விலங்கு, அணுகி வருவானது காலடியைக் கேளாது. மிக அண்மையில் அவனைத் திடுமென எதிர்ப்படின், ஓடாது பாய்ந்து தாக்குதல் அதன் இயல்பு. இரைக்காக மக்களை நாடுவதன்று, வெருவித் தாக்குவதேயாம்.

இதனால் பெறப்படுவது யாது? புலியை வேல் கொண்டு எதிர்த்தலும் கூடும். அகம் 72 இன் தலைவன் வேலே துணையாகத் தமியனாய் வருகின்றான். எண்கினால் வரும் ஏதமோ வீரத்தால் நீங்குவதன்று. இருளும் தனிமையும் நீங்கினாலன்றி நீங்காது. தோழி கருதுவதும் அதுவே. எண்கு புற்றகழும் நடுநாளில் அவன் வருதற்கு அஞ்சுகின்றோம் எனச் சொல்லி, வரைந்து வருமாறு இரப்பின், அவன் மணந்துகொள்வான் என்பதே நற்றிணை 125 இன் கருத்து. அச்சமும் வேண்டுகோளும் அங்குக் காரண காரியமாய் இயைந்தன. வரைந்தானுக்கு இரவில் தனியே வரவேண்டுவதில்லை அன்றோ!

மலைபடுகடாம் இதற்கு அரண் செய்கின்றது. பன்றிக்கு அஞ்சிப் புனங்காவலர் புழைதோறும் மாட்டிய கற்பொறிகள் உள்ளமையால், இரவில் தங்கி விடிந்தபின் செல்லுமாறு கூத்தர் ஆற்றுப்படுத்தப்படுகின்றனர். மலைவழியில் இரவினைத் தவிர்த்தல் புறத்திணை நூலிலும் நடைமுறை அறிவாகவே நிற்கின்றது.

எண்கின் செயலில் உள்ளுறை காண்பாரும் உளர். அதனை யாம் மறுக்கவில்லை. கருப்பொருளின் மெய்யியல்பு முதற்கண் உணரப்படின், உள்ளுறையும் உறுதிபெறும். அவ்வியல்பு உணரப்படாதவழித் தோழியின் கூற்று வெறும் மிகைமொழியாய்க் கழியும். அவள் கூறியது மிகையன்று. மலைவாழ்நர் அறிந்த உண்மையாம்.