மூன்று துளைப் படம் சரிதானா?

திரவ அழுத்தம் பற்றிய பாடத்தைப் புரட்டினால், பல அறிவியல் நூல்களில் ஒரே படம்தான் கண்ணில் படும். நீர் நிறைந்த உயரமான பாத்திரம்; அதன் பக்கத்தில் மேல், நடு, கீழ் என மூன்று துளைகள். மேல் துளை நீர் அருகில் விழுகிறது. நடுத்துளை நீர் சற்றுத் தள்ளி விழுகிறது. கீழ்த்துளை நீர் எல்லாவற்றிலும் தொலைவில் விழுகிறது. ஆழம் கூடினால் அழுத்தம் கூடும் என்பது படத்தின் விளக்கம். விளக்கம் சரி, படம் தவறு.

துளையிலிருந்து வெளிவரும் நீர் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை இரண்டு செய்திகள் முடிவு செய்கின்றன. ஒன்று, நீர் புறப்படும் வேகம். மற்றொன்று, அது தரையைத் தொட எடுத்துக்கொள்ளும் நேரம். கீழ்த்துளை நீருக்கு வேகம் அதிகம். ஆனால் விழ வேண்டிய உயரம் குறைவு. ஆகவே அது தொலைவு செல்லுமுன் மேசையைத் தொட்டுவிடும். மேல் துளை நீருக்கு நேரம் உண்டு, வேகம் போதாது.

இக்கணக்கிற்கு அடிப்படையான விதியை இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 1644-லேயே வெளியிட்டுவிட்டார். பாத்திரத்தில் 30 செ.மீ. உயரத்திற்கு நீர் இருப்பதாகக் கொள்வோம். அடியிலிருந்து 7.5, 15, 22.5 செ.மீ. உயரங்களில் துளைகள். கணக்கிட்டால், நடுத்துளை நீர் 30 செ.மீ. தொலைவு செல்லும். மேல் துளை நீரும் கீழ்த்துளை நீரும் சுமார் 26 செ.மீ. தொலைவில் ஒரே இடத்தில் விழும்! உராய்வினால் தொலைவுகள் சிறிது குறையலாம்; ஆனாலும் முதலிடம் நடுத்துளைக்கே.

படத்தைத் திருத்துவது எளிது. அதே பாத்திரத்தை 30 செ.மீ. உயரமுள்ள முக்காலியின் விளிம்பில் வைத்து, நீரைத் தரையில் விழச் செய்யுங்கள். இப்போது தொலைவுகள் மேலிருந்து கீழாகச் சுமார் 40, 52, 58 செ.மீ. ஆகும். கீழ்த்துளை வென்றுவிடும். முக்காலியை வரையாமல் விட்டதே படத்தின் முதற் குறை.

இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது. அழுத்தம் ஆழத்திற்கு நேர் விகிதத்தில் கூடுகிறது. நீரின் வேகமோ ஆழத்தின் வர்க்கமூலத்திற்கு ஏற்பவே கூடுகிறது. ஆழம் நான்கு மடங்கானால்தான் வேகம் இரு மடங்காகும். பாய்ச்சலின் தொலைவை அழுத்தத்தின் அளவாக மாணவன் எடுத்துக்கொண்டால் கணக்குப் பிசகும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த பூமியில் இது வெறும் ஏட்டுச் சர்ச்சை அன்று. அங்கே கண்மாய்தான் பெரிய பாத்திரம், மடைதான் துளை. மடைக்கு மேல் 4 மீட்டர் நின்ற நீர் 2 மீட்டராக இறங்கினால், மடைநீரின் வேகம் பாதியாகிவிடாது. ஏறத்தாழ பத்தில் ஏழு பங்காகக் குறையும். 1 மீட்டராகும்போதுதான் பாதியாகும்.

கரையின் கணக்கு வேறு. 2 மீட்டர் ஆழ நீர், கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் 2 டன் எடைக்குச் சமமான விசையுடன் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஆழம் 4 மீட்டரானால் அது 8 டன். ஆழம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு! கண்மாய் நூறு ஏக்கர் பரந்திருந்தாலும் ஐந்நூறு ஏக்கர் பரந்திருந்தாலும், ஆழம் ஒன்றேயானால் அசையாத நீரின் தள்ளுவிசை ஒன்றே. கரை அடியில் அகன்றும் மேலே குறுகியும் இருப்பதன் பொருள் இப்போது விளங்கும். நீர்மட்டம் எல்லை மீறாமல் கலுங்கு காப்பதன் அருமையும் விளங்கும். பரப்பைப் பார்த்து அஞ்சிவிட்டு ஆழத்தை மறந்தால் மழைக்காலத்தில் ஏமாந்து போவோம்.

தவறான படத்தால் விளையும் பெருங்கேடு வேறொன்று. ஆர்வமுள்ள மாணவி ஒருத்தி வீட்டில் தகரக்குவளையில் துளையிட்டுப் பார்க்கிறாள். நடுத்துளை நீரே தொலைவில் விழுகிறது. புத்தகத்தை நம்பி, தன் சோதனையில்தான் பிழை என்று குவளையை எறிந்துவிடுகிறாள். கண்ணால் கண்டதை நம்பாதே என்று ஓர் அறிவியல் நூலே கற்பித்துவிடுகிறது.

ஆசிரியர்கள் இப்படத்தை நீக்க வேண்டியதில்லை. பாத்திரத்தை ஒரு முறை மேசையிலும், ஒரு முறை முக்காலியிலும் வைத்துக் காட்டட்டும். சம அளவுள்ள துளைகளிட்டு, நீர்மட்டம் குறையாமல் ஊற்றி, ஒரே நேரத்தில் ஒவ்வொன்றிலும் எவ்வளவு நீர் சேர்கிறது என்று அளக்கச் சொல்லட்டும். கீழ்த்துளையின் கிண்ணமே முதலில் நிரம்பும். ஆழத்தின் ஆற்றலுக்கு அதைவிட நேர்மையான சாட்சி வேண்டுமா?