பிழைகள் களையப்பட்டன

என் நாவல்களைப் படித்தவர்களைக் காட்டிலும் பல மடங்கு அதிகமானவர்கள் படித்த ஒரு தமிழ் வாக்கியம் இருக்கிறது. "சில பிழைகள் களையப்பட்டன, செயல்திறன் மேம்படுத்தப்பட்டுள்ளது." கைபேசியில் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது வருகிறதே, அந்த வாக்கியந்தான். இத்தனை வாசகர்களைப் பெற்ற ஒரு படைப்புக்கு இதுவரை யாரும் மதிப்புரை எழுதியதாகத் தெரியவில்லை. அந்தக் குறையை இன்று நான் தீர்க்கலாமென்று உத்தேசம்.

நான் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன். பொறியியல் எனக்குத் தெரியாது. ஆனால் வாக்கியங்களோடு இருபது வருஷங்களாக மல்லுக் கட்டி வருகிறேன். அந்தப் பழக்கத்தில் கேட்கிறேன்: எந்தப் பிழை? யாருடைய பிழை? அதனால் கஷ்டப்பட்டது யார்? ஒன்றுக்கும் இந்த வாக்கியத்தில் பதில் இல்லை. செய்தவர் இல்லை, பொறுப்பும் இல்லை. கதையில் ஒரு பாத்திரம் இப்படிப் பேசினால், 'இவன் எதையோ மறைக்கிறான்' என்று வாசகர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்த வாக்கியத்தின் மேல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சொல்ல வேண்டும். அதற்கு 2024ஆம் வருஷத்துக் கோடையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கைபேசிக்கான மென்பொருள் முழுமை பெறும் முன் அதைச் சில ஆயிரம் பேரிடம் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். அதற்கு 'பீட்டா' என்று பெயர். கிரேக்க நெடுங்கணக்கில் அது இரண்டாவது எழுத்து. இன்னும் கடைசி எழுத்துக்கு வந்து சேரவில்லை என்று பொருள் கொள்ளலாம். நான் அதைச் சோதனைப் பதிப்பு என்று சொல்வேன். ஆப்பிள் நிறுவனம் கணினிக்கான தன் சோதனைப் பதிப்பை 2014லும், கைபேசிக்கானதை 2015லும் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் அது சகஜமாகிவிட்டது. பணம் கிடையாது. ஆசை உள்ளவர்கள் போட்டுக்கொண்டு, குற்றம் குறைகளை எழுதி அனுப்ப வேண்டியதுதான்.

தொடர்கதை எழுதுகிறவனுக்கு இது புதிய சமாசாரமல்ல. ஏழாம் அத்தியாயத்தில் நான் சாகடித்த ஒரு பெரியவர் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்ததைக் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் ஒரு வாசகர் சொல்லித்தான் நான் அறிந்தேன். புத்தகமாக வந்தபோது பெரியவர் ஒழுங்காக இறந்தே இருந்தார். ஆகையால், அரைகுறையாக இருப்பதை நாலு பேரிடம் காட்டித் திருத்திக்கொள்வதில் தவறில்லை என்பது என் கட்சி. ஆசையோடு சேர்ந்தேன். 'உங்களிடம் இருக்கும் ஒரே கைபேசியில் இதைப் போட வேண்டாம்' என்று எச்சரிக்கை இருந்தது. அதைப் படிக்காமலே 'சம்மதம்' என்பதை அழுத்தினேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைத் தாண்டி மலையேறினால் வெள்ளிமலை. கல்வராயன் மலையில் அதுதான் தாலுகாவின் தலைநகரம். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. மலைக்கும் கைபேசிக் கோபுரங்கள் வந்திருக்கின்றன. ஆனால் வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போனால் சிக்னல் ஒரு பாறையில் இருக்கும், அடுத்த பாறையில் இராது. அங்கே ஒரு சிற்றூரில் எனக்குத் தெரிந்த மலையாளிப் பழங்குடி இளைஞன் ஒருவன் இருக்கிறான். மரவள்ளி பயிரிடுகிற குடும்பம். நூறு நாள் வேலைக்குப் பணித்தளப் பொறுப்பாளனாகவும் இருந்தான். என் பேச்சைக் கேட்டு என்னுடைய கைபேசி ரகத்தையே தவணையில் வாங்கியிருந்தவன்.

"புதுசா என்னமோ போட்டிருக்கீங்களாமே சார், எனக்கும் போட்டுக் குடுங்க" என்றான். போட்டுக் கொடுத்தேன். பெருமையாகவும் இருந்தது.

நூறு நாள் வேலையில் தினசரி வருகையைக் கைபேசிச் செயலி வழியே படம் எடுத்துப் பதிய வேண்டும் என்பது 2023 சனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. காலையில் ஒரு படம், வேலை முடிவில் ஒரு படம். சிக்னல் இல்லாவிட்டாலும் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு அனுப்பலாம். ஆனால் உயிரே போய்விட்ட கைபேசியில் எதை எடுப்பது? நான் போட்டுக் கொடுத்த மூன்றாம் நாள், பிற்பகலிலேயே அவனுடைய கைபேசி அணைந்துவிட்டது. அவன் மேட்டில் இருந்த ஒரு வீட்டுக்கு ஓடி, சார்ஜ் ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்வரையில் பெண்கள் மண்வெட்டிகளோடு காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒண்ணும் இல்ல சார், ஒரு மணி நேரந்தான்" என்றான் என்னிடம்.

அந்த ஒரு மணி நேரம் என்னுடையதல்ல, நிறுவனத்துடையதுமல்ல.

அன்றிரவே நிறுவனத்துக்கு எழுதினேன். 'உங்கள் பதிப்பு மோசம். பேட்டரியைக் குடிக்கிறது.' அச்சடித்தாற்போல ஒரு நன்றி வந்தது. எனக்கு ஆத்திரம். பிறகு நிதானமாக யோசித்தபோது வெட்கமாக இருந்தது. என் நாவலைப் பற்றி ஒருவர் 'குப்பை' என்று மட்டும் எழுதினால் நான் அதை விமர்சனம் என்று ஒப்புக்கொள்வேனா? பெரியவர் காப்பி குடித்ததைச் சொன்னவரல்லவோ விமர்சகர்! அத்தியாயத்தின் எண்ணைச் சொன்னார். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே முறையாகப் பார்ப்பதென்று முடிவு செய்தேன். முதலில், தம்பியின் கைபேசியைப் பழைய முழுப் பதிப்புக்கே திருப்பினேன். அப்படித் திரும்பினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும். அதுவும் எச்சரிக்கையில் இருந்ததுதான். படங்களை முன்கூட்டியே வேறிடத்தில் சேர்த்துவைத்தோம். இப்போது ஒரே ரகத்தில் இரண்டு கைபேசிகள்: ஒன்றில் பழையது, ஒன்றில் புதியது. புதிய பதிப்பைப் போட்ட முதல் இரண்டு நாட்கள் கைபேசி உள்ளுக்குள் ஏதேதோ ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கும்; அந்த நாட்களின் கணக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதனால் அவற்றை விட்டுவிட்டேன்.

இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை இரண்டும் அவன் வீட்டு மாடத்தில் சும்மாக் கிடந்தன. பழையது 15 சதவிகிதம் இழந்தது, புதியது 38. மறுநாள் இரவு புதியதை விமானப் பயண நிலையில், அதாவது சிக்னலே தேடாதபடி வைத்தேன். 4 சதவிகிதந்தான் குறைந்தது. கள்ளக்குறிச்சிக்கு எடுத்து வந்து சாதாரணமாக வைத்தேன்; 6.

இதிலிருந்து தெரிந்தது என்ன? கோபுரம் தூரத்தில் இருந்தால் கைபேசி அதிக சக்தி செலவிட்டுத்தான் பேசும். கோபுரமே அகப்படாவிட்டால் மீண்டும் மீண்டும் தேடும். எதிர்க்கரையில் இருப்பவனைத் தொண்டை கிழியக் கூப்பிடுவதைப் போல. பழைய பதிப்பு இழந்த 15 பெரும்பாலும் மலையின் கணக்கு. மீதி 23தான் புதிய பதிப்பின் குற்றம். அதுவும் தேடுகிற வேளையில் மட்டும். அசையாமல் திரை அணைந்து கிடக்கும் கைபேசியை உறங்க வைத்து, இடையிடையே மட்டும் எழுப்பி வேலை வாங்கும் ஏற்பாடு 2015ல் ஆண்ட்ராய்டின் 6.0 பதிப்பிலேயே வந்துவிட்டது. சிக்னல் இல்லாதபோது ஏதோ ஒன்று அந்த உறக்கத்தைக் கெடுக்கிறது என்பது என் ஊகம். ஊகம் என்று குறிப்பிட்டே எழுதினேன். முதல் கடிதத்தில் மலையின் பழியையும் சேர்த்து அவர்கள் தலையில் போட்டதையும் ஒப்புக்கொண்டேன்.

அடுத்த பதிப்பில் 38 என்பது 19 ஆயிற்று. என் கடிதத்தாலா, வேறு காரணத்தாலா? குறிப்பைப் படித்தேன். 'சில பிழைகள் களையப்பட்டன.'

இப்போது என் கோபம் புரியும். இந்த வாக்கியம் சோம்பலினால் மட்டும் வருவதல்ல. 2017 சனவரியில் ஆப்பிள் ஒரு புதிய பதிப்பு வெளியிட்டது. பேட்டரி தளர்ந்த ஐபோன்கள் திடீரென்று அணைந்துவிடாமலிருக்க, அந்தப் பதிப்பு அவற்றின் வேகத்தைக் குறைத்தது. செய்தது நியாயந்தான் என்று வாதிக்கலாம். ஆனால் வாங்கியவர்களிடம் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. அந்த டிசம்பரில் விஷயம் வெளியானபோது நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. குறிப்பில் இரண்டு வரி நேராக எழுதியிருந்தால் இது நேர்ந்திராது.

இன்னொன்று. 2018 பிப்ரவரியில் தெலுங்குக் கூட்டெழுத்து ஒன்று செய்தியில் வந்தால் ஐபோனின் செயலிகள் நிலைகுலைந்து போயின. சில நாட்களில் திருத்தம் வெளியிட்டார்கள். அந்த எழுத்து தெலுங்கர்களுக்குப் பாடப் புத்தகத்து எழுத்து. தெலுங்கில் எழுதுகிற சோதனையாளர்கள் முன்பே போதுமான அளவு இருந்திருந்தால்? அப்படித்தான் இந்த மலையும். ஜன்னலைத் திறந்தால் கோபுரம் தெரியும் நகரத்தில் சோதித்தால் 6 சதவிகிதந்தான் தெரியும், 38 தெரியாது. சோதனைக்காரர்கள் வெள்ளிமலைக்கும் அப்பால் இருக்க வேண்டும். அவர்களுக்கென்று தனியாக ஒரு கைபேசி கொடுக்க வேண்டும். அவர்கள் சொன்னதால் எது திருந்தியது என்பதைப் பெயர் போடாவிட்டாலும் விவரம் போட்டுச் சொல்ல வேண்டும். பிழை இருப்பதை நான் குறை சொல்லவில்லை. என் பெரியவரே இரண்டு முறை வாழ்ந்தவர்தானே!

தம்பியின் கைபேசியில் இப்போது முழுப் பதிப்புதான் இருக்கிறது. அடுத்த சோதனைப் பதிப்பு வந்தபோது நான் மறுபடியும் சேர்ந்துகொண்டேன். இந்தத் தடவை எச்சரிக்கை முழுவதையும் படித்தேன். மலைக்குப் போகும்போது பழைய பட்டன் கைபேசி ஒன்றும் என் பையில் இருக்கிறது. "அது எதுக்கு சார்?" என்று தம்பி கேட்டான். காரணத்தைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. சொன்னேன்.