டயகம வாசகருக்கு ஒரு புத்தக வரிசை

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை என்று ஏறிவரும் பஸ் டயகமவோடு நின்றுவிடும். அதற்கப்பால் காடும் ஹோட்டன் சமவெளியும்தான். இந்தத் தோட்டங்களின் பெயர் செய்தித்தாளில் அடிபடுவது பெரும்பாலும் துயரத்தை ஒட்டியே. வீட்டுவேலைக்குக் கொழும்புக்குப் போன டயகமச் சிறுமி ஒருத்தியின் சாவு 2021-இல் நாட்டையே உலுக்கியது. 1956-இல் டயகமத் தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சூட்டுக்குப் பலியான ஏப்ரகாம் சிங்கோ, தமிழ்த் தொழிலாளரோடு நின்ற ஒரு சிங்களத் தொழிலாளி. தொழிற்சங்க வரலாற்றில் ஒரு வரியாக வந்துபோகும் அந்தச் சாவுக்குள் ஒரு முழு நாவலே இருக்கிறது.

ஆனால் இங்கே படித்து வளர்ந்த பிள்ளை தன் வீட்டுக் கதையைப் புத்தகத்தில் தேடினால் எங்கே தொடங்குவது? மலையக எழுத்தில் சிறுகதை ஏராளம், நாவல் ஓரளவு, தன்வரலாறு மிகக் குறைவு. அதிலும் கொழுந்து பறித்த பெண் தன் கையால் எழுதிய வாழ்க்கைக் கதை அரிதிலும் அரிது. துரைமார் ஓய்வுபெற்றதும் ஊருக்குப் போய் நினைவுக்குறிப்பு எழுதினார்கள். தோட்டத்து மக்களுக்கோ, பிள்ளைகளின் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970-களில்தான். தாலாட்டிலும் ஒப்பாரியிலும் சொல்லித் தீர்த்தது போக எஞ்சிய வாழ்க்கை, கதை என்ற பெயரில் அச்சேறியது. ஆகவே இந்த வரிசையில் புனைவும் நினைவும் தனித்தனி அலமாரியில் இல்லை. ஒன்றை வாசித்துவிட்டு மற்றதைக் கையிலெடுப்பதே இங்கே சரியான வழி.

முதலில் சி.வி. வேலுப்பிள்ளை. 1914-இல் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1947-இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம், அவருக்கு வாக்களித்த மக்களையே நாடற்றவராக்கிவிட்டது. அந்த அடியைப் பட்டவர் என்பதால் அவரது ‘வீடற்றவன்’ நாவலையும் ‘நாடற்றவர் கதை’ நூலையும் அடுத்தடுத்து வாசிக்க வேண்டும். ஒன்றில் வேலையும் காம்பராவும் பறிபோன தொழிலாளி. மற்றதில் நாடே பறிபோன ஒரு சமூகம். அவர் ஆங்கிலத்தில் எழுதி 1970-இல் வெளியான நூலை மு. சிவலிங்கம் ‘தேயிலை தேசம்’ என்று தமிழாக்கினார். தோட்டத்து மனிதர்களை ஒவ்வொருவராக நிறுத்திவைத்துக் காட்டும் அந்தச் சித்திரங்கள், மலையகத்தின் தன்வரலாற்றுக்கு மிக நெருங்கிய எழுத்து. நேரம் குறைந்தவர்கள் இந்த ஒரு நூலையாவது வாசிக்கலாம். அவர் தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ (1983) வீட்டில் பாட்டி இருந்தால் அவரோடு சேர்ந்து புரட்ட வேண்டிய புத்தகம்.

சிறுகதையில் என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ இன்றும் தலையாயது. கதை வெளியான ஆண்டு 1961. அதே தலைப்பில் தொகுப்பாக வந்தது 1980-இல். நன்றாகக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண், அவள் கூடையின் நிறையைச் சுற்றி எழும் சந்தேகம்: கதையின் முடிச்சு இவ்வளவுதான். கொழுந்து மடுவத்தில் கூடையைத் தராசில் மாட்டும் அந்த நொடியில்தான் தோட்டத்துப் பெண்ணின் ஒரு நாள் முழுவதும் எடைபோடப்படுகிறது. நிறை குறைந்தால் அரைப்பேர். அதாவது பாதிச் சம்பளம். மழையில் நனைந்த கொழுந்தென்று கொஞ்சம் கழிவு, கூடைக்கென்று கொஞ்சம் கழிவு. மிச்சத்தைக் கணக்கப்பிள்ளை எழுதுவதுதான் கணக்கு. கண்ணுக்கு முன்னால் நிறுத்தாலும் அந்தத் தராசின் மீது நம்பிக்கை வராத மக்களுக்கு, தன் உழைப்பைத் தானே நிரூபித்துக் காட்டும் பெண் எத்தனை பெரிய நாயகி! இராமையா அவளைப் பரிதாபத்துக்குரியவளாகக் காட்டவில்லை. அவள் கைவேகத்தின் மீது அவருக்கிருந்த மரியாதைதான் அறுபது ஆண்டு கடந்தும் கதையை உயிரோடு வைத்திருக்கிறது. டயகமப் பெண்கள் இதை வாய்விட்டு வாசிக்கக் கேட்க வேண்டும்; எங்கே எழுத்தாளர் சரி, எங்கே தவறு என்று அவர்களால்தான் சொல்ல முடியும்.

அவருக்கு அடுத்த பெயர் தெளிவத்தை ஜோசப் (1934–2022). ‘மீன்கள்’ சிறுகதையில் அவர் எடுத்துக்கொண்டது ஒற்றைக் காம்பரா. வளர்ந்த பிள்ளைகளும் தாய் தகப்பனும் ஒரே அறையில் படுத்தெழ வேண்டிய லயத்தில் ஒரு தகப்பன் அடையும் கூச்சத்தை இவ்வளவு நேர்மையாக எழுதியவர் வேறு எவருமில்லை எனலாம். வீட்டுத் திட்டங்களைப் பற்றிய எந்த அறிக்கையும் சொல்லாததை அந்தச் சில பக்கங்கள் சொல்லிவிடுகின்றன. கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு அவருடைய ‘குடை நிழல்’ நாவலைச் சிபாரிசு செய்யலாம். தலைநகரில் வாடகை வீடும் பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடமும் தேடி அலையும் மலையகத் தமிழன், தமிழன் என்பதாலேயே சந்தேகத்துக்கு ஆளாகிப் பொலிஸ் பிடியில் சிக்குகிறான். தோட்டத்தை விட்டு வெளியேறினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையைச் சிறிய நாவல் ஒன்று இப்படிக் கேள்விக்குள்ளாக்குகிறது. 2013-இல் அவருக்கு விஷ்ணுபுரம் விருது கிடைத்தபோதுதான் தமிழ்நாட்டு வாசகர் பலர் அவர் பெயரையே அறிந்தார்கள். அதற்கு முப்பத்தொன்பது ஆண்டு முன்னரே, 1974-இல், ‘காலங்கள் சாவதில்லை’ நாவல் வந்துவிட்டது.

பாட்டன் பூட்டன் வந்த வழியை அறிய விரும்புகிறவருக்கு கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964). தொழிற்சங்கப் பணியால் தோட்ட மக்களோடு பழகிய ஒரு பெண், கடல் கடந்துவந்த குடும்பத்தின் கதையைத் தலைமுறைகளாக விரித்து எழுதியது. உணர்ச்சி சில இடங்களில் தூக்கல்தான். ஆனால் அந்தக் காலத்துப் பெண்ணின் பயமும் ஆசையும் அதில் மெய்யாக இருக்கின்றன. புதுமைப்பித்தன் 1935-இல் எழுதிய ‘துன்பக்கேணி’யையும் இதற்கு முன்னோ பின்னோ வாசிக்கலாம். அதன் கோபம் உண்மையானது. ஆனால் அது கரைக்கு அப்பாலிருந்து எழுதப்பட்ட கதை. கோகிலம் சுப்பையாவின் தோட்டத்தில் மனிதர்கள் துன்பப்படுவதோடு சண்டை போடுகிறார்கள், கல்யாணம் பேசுகிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள். தேயிலைக்கு முந்திய காலத்துக்கு இரா. சடகோபனின் ‘கசந்த கோப்பி’ இருக்கிறது. கிறிஸ்டீன் வில்சனின் ஆங்கில நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்த நூல் அது. 2023-இல் மலையகத்தின் 200 ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். அந்த நடைப் பாதையின் காரணம் இந்தப் புத்தகங்களில் கிடைக்கிறது.

வந்த கதை இருப்பதுபோல் அனுப்பப்பட்ட கதையும் உண்டு. 1964 ஒக்டோபர் 30-ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்குபோட்டது. மீதி 1,50,000 பேரின் தலைவிதி 1974 வரை தொங்கிக் கிடந்தது. அண்ணன் ஒரு நாட்டுக்கு, தம்பி இன்னொரு நாட்டுக்கு. மலையிலிருந்து தலைமன்னாருக்கு இறங்கிய ரயிலை மு. சிவலிங்கம் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று தலைப்பிலேயே எழுதிவைத்தார். ஸ்டேஷன் மேடையில் கட்டியழுத உறவுகளை நினைவில் வைத்திருப்போர் டயகமவிலும் இருப்பார்கள், நீலகிரியிலும் இருப்பார்கள். இரு கரையிலும் வாசிக்கப்பட வேண்டிய தொகுப்பு.

வெளியிலிருந்து வந்து உள்ளே நின்று எழுதியவர் தி. ஞானசேகரன். யாழ்ப்பாணத்தவர், தோட்ட வைத்தியராக வேலை பார்த்தவர். காணி பறிப்புக்கு எதிராகத் தோட்ட மக்கள் திரள்வதைச் சொல்லும் ‘குருதிமலை’ (1979) விறுவிறுப்பான அரசியல் நாவல். டெவன் தோட்டத்தில் காணி பறிப்பை எதிர்த்த போராட்டத்தில் சிவனு லட்சுமணன் சுட்டுக்கொல்லப்பட்ட 1977-ஐ அறிந்தவருக்கு அதன் சூடு கூடுதலாகத் தெரியும். டயகமவுக்கு மிக அருகிலிருந்து எழுதியவர் தலவாக்கலை மல்லிகை சி. குமார், ‘மனுஷியம்’ அவருடைய சிறுகதைத் தொகுப்பு. ஓவியமும் வரைந்தவர் என்பது அவர் கதைகளில் ஆட்களின் முகத்தைப் பார்த்தாலே புரியும்.

புதிய எழுத்தில் முதலில் சொல்ல வேண்டியது ப்ரமிளா பிரதீபனின் ‘கட்டுபொல்’. தேயிலையைப் பிடுங்கிவிட்டு முள்ளுத்தேங்காய் நட்டால் தொழிலாளியின் உடம்புக்கும் குடும்பத்துக்கும் என்ன ஆகிறது என்று கேட்கும் நாவல். மலையக நாவல் என்றால் பனியும் கொழுந்துக் கூடையும் என்ற பழக்கத்தை அது உடைத்திருக்கிறது. அவருடைய ‘விரும்பித் தொலையுமொரு காடு’ தொகுப்பில் பெண்மனம் இன்னும் துணிச்சலாகப் பேசுகிறது. லயத்துக்குள் நடப்பதைத் தோட்டத்துக்கு வெளியே உள்ளவருக்கு விளக்கிக்கொண்டிருக்காத எழுத்து. அதுவே இந்தத் தலைமுறையின் பலம். சிவனு மனோஹரனின் ‘மீன்களைத் தின்ற ஆறு’ தொகுப்பையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

கதை பிடிக்காது, நடந்ததைச் சொல் என்பவருக்கு இரண்டு நூல்கள். சாரல் நாடனின் ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ (1988), தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய மனிதரின் வரலாறு. மு. நித்தியானந்தனின் ‘கூலித்தமிழ்’ (2014), 1869-இல் வந்த ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ தொடங்கி மறந்துபோன பழம் நூல்களைத் துப்பறிந்து எழுதியது. ஆராய்ச்சி நூலை இப்படிச் சுவையாகவும் எழுதலாம். இராமையாவையும் ஜோசப்பையும் ‘வைகறை’ பதிப்பகம் வழியாகப் புத்தகமாக்கியவரும் இதே நித்தியானந்தன்தான்.

இவற்றில் பல இப்போது கடையில் கிடைப்பதில்லை. ஆனால் 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளத்தில் மலையக நூல்களும் பழைய சஞ்சிகைகளும் பெருமளவில் பக்கம் பக்கமாக ஏற்றப்பட்டிருக்கின்றன. கையில் போன் இருந்தால் வாசிக்கலாம். செலவு டேட்டாவுக்கு மட்டும்தான். அதே நிறுவனம் வாய்மொழி வரலாறுகளையும் ஒலிப்பதிவாகச் சேர்த்துவருகிறது. பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தவர், பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்ட ஓய்வுபெற்ற கங்காணி, கோச்சியில் அக்காவை அனுப்பிவிட்டுத் திரும்பிய தங்கை என்று டயகமவின் ஒவ்வொரு லயத்திலும் எழுதப்படாத ஒரு புத்தகம் உட்கார்ந்திருக்கிறது. உயர்தர வகுப்பில் படிக்கும் பேத்தி போனைப் பக்கத்தில் வைத்து, “அம்மாயி, மொதமொதல்ல பேர் பதிஞ்ச அன்னைக்கு என்னா நடந்துச்சு?” என்று கேட்டுப் பதிவுசெய்தால் அதுவே முதல் அத்தியாயம். அதைத் திருத்தமான தமிழுக்கு மாற்றிவிடாமல், பாட்டி சொன்ன பேச்சிலேயே எழுதிவைக்க வேண்டும்.